அலையும் மணலும் அளக்கச் சொல்லும் வெளிச்சம்

பூம்புகார் கடற்கரையின் உச்சி வெயிலில் எளிய தானியங்கிக் கேமராக்கள் ஏமாந்துபோகும். உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு மணல் எது, முகம் எது என்று தெரியாது. எதிரில் உள்ளதைச் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். பளீரென்ற மணலையும் நுரையையும் சாம்பலாக்க ஒளியைக் குறைத்துவிடும். வலை உலர்த்துபவரின் முகம் கருத்துப்போகும். ஒளிமானி இல்லாத பழைய ஃபிலிம் கேமராவில் கணக்கு நம்முடையது. நல்ல வெயிலில் துளை எஃப் 16, ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/125 நொடி. மணலும் கடலும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் இடத்தில் எஃப் 22. அந்தக் கேமராவின் கவர்ச்சி பழமையில் இல்லை. பார்த்து முடிவெடுக்கும் வேலை முழுவதும் படத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

இதற்குப் பெரிய சாட்சி இதே காவிரி டெல்டாவில் உண்டு. மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் படமெடுத்தார். மெழுகேற்றிய காகிதத்தை வெள்ளி உப்பில் தோய்த்து, கேமராவுக்குள் நெடுநேரம் ஒளி காட்டி, பிறகு ரசாயனத்தில் கழுவி எடுக்கும் நெகட்டிவ் முறை அது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 பகுதிகளாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். கேமராவின் தூரமோ உயரமோ ஓரிடத்தில் மாறினாலும் எழுத்து வரிகள் அடுத்த பகுதியோடு சேராது. இப்படிப்பட்ட வேலையை முதலிலேயே முழுதாக யோசிக்காமல் தொடங்கவே முடியாது.

ஃபிலிமுக்குச் செலவு அதிகம் என்பார்கள். நியாயம்தான், டிரைப்பின் பதவியையே சிக்கனம் கருதி அரசு சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. ஆனால் கைமுறைப் பழக்கத்துக்கு ஃபிலிம் கட்டாயமில்லை, டிஜிட்டல் கேமராவிலும் தானியங்கியை அணைத்துவிடலாம். இன்றைய செல்போன் முகத்தை அடையாளம் கண்டு வெளிச்சத்தைச் சரிசெய்கிறதே என்றால், உண்மை, படம் நன்றாகவே வருகிறது. ஆனால் அந்த முகத்தில் எவ்வளவு நிழல் தங்க வேண்டும் என்று தீர்மானித்தவர் நாமல்ல. கணநேரக் காட்சி தப்பிவிடும் என்ற ஆட்சேபம்தான் கனமானது. அதற்கும் வழி இருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 16-ல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 5 மீட்டரைச் சற்றுத் தாண்டி நிறுத்தினால், ஏறக்குறைய 2.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். படகு கரையேறும்போது ஃபோகஸ் தேடவே வேண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும்.