குனிகிற முதுகை அறிந்துகொள்வோம்

போன ஐப்பசி மாதம். மாப்பிள்ளைச் சம்பா வயலில் நாற்று பிடிக்காமல் போன இடங்களில் நானே இறங்கி ஊன்றிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குக் குனிந்தவன், ஒன்பது மணிக்குத்தான் கரையேறினேன். வரப்பில் ஜீவாமிர்தம் நிறைத்த 35 லிட்டர் கேன் இருந்தது. மடைவாய்க்குக் கொண்டுபோவோமே என்று அப்படியே குனிந்து தூக்கினேன். இடுப்பில் ‘சடக்’கென்று ஒரு பிடி. கேனைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழித்தோம். இரண்டு நாளில் வலி இடுப்பை விட்டு இறங்கியது. இடது புட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓடியது. பத்து நாள் கட்டிலை விட்டு எழவில்லை. பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்.

அந்தப் பிரிவில் இருந்த பெண் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. “குதிகாலைத் தூக்கி, முன்கால்ல நடங்க ஐயா” என்றார். வலது காலில் முடிந்தது, இடது காலில் முடியவில்லை. “சுளுக்கு இல்லீங்க, நரம்பு” என்று சொல்லி, ஒரு தாளில் முதுகை வரைந்து காட்டினார். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பதினைந்து வருடமாகப் படிக்கிறேன். என் முதுகுக்குள் என்ன இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதை நம் உழவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

இழுத்துக் கட்டிய பந்தல் கால்

முதுகெலும்பைத் தூண் என்று நினைக்கிறோம். அது ஒற்றைத் தூண் அல்ல. 33 எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது. அடியில் உள்ள 9 எலும்புகள் ஒட்டிப் போனவை. மேலே கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் அசைகின்றன. தசைகளை எடுத்துவிட்டால் இந்த அடுக்கு நிற்காது. புடலைப் பந்தலின் மூலைக்காலை நாலு பக்கமும் கம்பி போட்டு இழுத்துக் கட்டுகிறோமே, அதே வேலையைத்தான் தசைகள் செய்கின்றன.

முதுகில் மேலாகத் தெரியும் பெரிய தசைகள் உண்மையில் கைக்கும் தோளுக்கும் வேலை செய்பவை. மண்வெட்டியை ஓங்கி வெட்டி, மண்ணை நம் பக்கம் இழுக்கும்போது உழைப்பது ‘லாட்டிசிமஸ் டார்சை’ என்ற அகலமான தசை. இடுப்பிலிருந்து அக்குள் வரை விரிந்திருக்கிறது. இருப்பது முதுகில்தான், ஆனால் அதற்கான நரம்பு கழுத்திலிருந்து வருகிறது.

அதற்கு அடியில், முதுகெலும்பின் இருபுறமும் கயிறு போல மேலிருந்து கீழ் வரை ஓடுகிறது ‘எரெக்டர் ஸ்பைனே’. நிமிர்த்தும் தசை என்று சொல்லலாம். குனிந்தவனை நிமிர வைப்பதும், குனியும்போது தொப்பென்று விழாமல் பிடித்து இறக்குவதும் இதுதான். இன்னும் ஆழத்தில், எலும்புக்கு எலும்பு தையல் போட்ட மாதிரி சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. அவற்றில் ‘மல்டிஃபிடஸ்’ முக்கியம். ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொண்டால் இந்தத் தசை மெலிந்துவிடும். வலி போனாலும் தானாக முழுசாகத் தேறாமல் போகலாம். அதனால்தான் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி மறுபடி வருகிறது. வலி நின்ற பிறகும் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்.

நுங்கும் நரம்பும்

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி வட்டு இருக்கிறது, டிஸ்க் என்கிறோமே அது. நடுவில் நுங்கு போலக் கொழகொழப்பு, சுற்றிலும் பல அடுக்கு நார். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் கிட்டத்தட்ட கிடையாது. அமுக்கும்போது நீர் வெளியேறி, அமுக்கம் குறையும்போது உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குச் சாப்பாடு போவதும் இப்படி ஊறித்தான். ஆகவே அளவான நடமாட்டம் வட்டுக்கு நல்லது. பத்து நாள் படுத்தே கிடந்தது என் தப்பு.

இரவில் படுத்திருக்கும்போது வட்டு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்போம். அந்த நேரத்தில் முழுசாகக் குனிந்தால் வட்டின் நாரில் இழுவிசை அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் கடின வேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் மாதிரி தொங்குகின்றன. மொத்தம் 31 ஜோடி நரம்புகள் தண்டுவடத்திலிருந்து பிரிகின்றன. ஒவ்வொன்றும் வெளியே வந்ததும் இரண்டாகக் கிளைக்கும். பின்கிளை முதுகின் ஆழத் தசைகளுக்குப் போகும். முன்கிளைகளில் சில ஒன்றுசேர்ந்து கைக்கும் காலுக்கும் போகும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் ‘சியாட்டிக்’ நரம்புதான் உடம்பிலேயே தடிமனானது.

வட்டின் நார் பின்பக்கம் கிழிந்து, உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பின் வேரைத் தொட்டால், அடைப்பு இடுப்பில்; வலி காலில். கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் தலைமடையைப் போய்ப் பார்க்கிறோம் அல்லவா? பெரும்பாலும் கெடுவது கடைசி இரண்டு வட்டுகள். கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை என்றால் ஒரு நரம்பு, முன்காலில் நிற்க முடியவில்லை என்றால் அடுத்த நரம்பு. எனக்கு இரண்டாவது. “பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்கள்ல குறையும்” என்று அந்தப் பெண் சொன்னார். எனக்கு இரண்டரை மாதம் ஆனது.

முழுசாகக் குனிந்தால் தசை கைவிடும்

எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது இதுதான். கொஞ்சம் குனிந்தால் நிமிர்த்தும் தசை பிடித்துக்கொண்டிருக்கும். நடவு, களையெடுப்பு மாதிரி முழுசாகக் குனிந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தசை வேலையை நிறுத்திவிடுகிறது. பாரம் முழுவதும் எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார்களிலும் வட்டுகளிலும் தொங்குகிறது. மணிக்கணக்கில் தொங்கினால் நார் தளர்ந்து நீளும். நிமிர்ந்தவுடனே அது பழையபடி இறுகாது. அந்த நேரத்தில் பாரம் தூக்கினால் பிடிமானம் இருக்காது. இரண்டு மணி நேரம் குனிந்துவிட்டு, கரையேறின கையோடு கேனைத் தூக்கினேனே, அது எவ்வளவு பெரிய தப்பு!

தூக்கும் கணக்கும் பாருங்கள். நிமிர்த்தும் தசை முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. 20 கிலோவை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே 20 கிலோவை 20 செ.மீ. தூரத்தில் உடம்போடு அணைத்தால் 80 கிலோ போதும். நம் உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. ஏற்றத்தில் கல் கட்டும் கணக்குத்தான் இது.

யாருடைய முதுகு?

வீட்டுக்கு வந்து, வலி எப்படி ஓடுகிறது என்று என் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்கு ஆறு வருஷமா இப்படித்தாங்க இருக்கு. சொன்னப்ப தைலம் தேய்ச்சுக்கோன்னீங்க.”

எனக்குப் பதில் இல்லை.

களைக்கொல்லி அடிக்கக் கூடாது என்று மேடையில் பேசுகிறேன். அது சரி. ஆனால் அந்தக் களையைக் குனிந்து பிடுங்குவது யார்? எங்கள் வயலில் என் மனைவியும், ஊரிலிருந்து வரும் ஐந்து அக்காமார்களும். எட்டு மணிக்கு இறங்கினால் மதியம் வரை குனிந்த முதுகு. அவர்களிடம் கேட்டேன். ஐந்தில் நான்கு பேருக்கு இடுப்பு வலி. “இது வலின்னு சொல்லி வீட்டுல உக்காந்தா யாரு தம்பி சோறு போடுவா?” என்றார் மூத்தவர். நஞ்சில்லாத சோறு என்று விற்கிறோம். அதில் இவர்களின் முதுகும் சேர்ந்திருக்கிறது என்பது என் கணக்கில் இத்தனை நாள் வரவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரைக்கோசு, பீட்ரூட் வயல்களில் களைபறிக்கக் குட்டைக் காம்புக் களைக்கொத்தைத்தான் முதலாளிகள் கொடுத்தார்கள். ‘எல் கோர்ட்டிட்டோ’, அதாவது குட்டையன் என்று தொழிலாளர்கள் அதைச் சொல்வார்கள். அதை வைத்து வேலை செய்ய நாள் முழுக்க இரண்டாக மடிய வேண்டும். நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். சீசர் சாவேஸ் போன்ற தொழிலாளர் தலைவர்களே அந்தக் கருவியால் முதுகு கெட்டவர்கள். மருத்துவர்கள் சாட்சி சொல்ல, வழக்கு நடந்து, 1975-இல் அந்தக் கருவிக்கு அங்கே தடை வந்தது. நீளக் காம்பு வந்த பிறகும் விவசாயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் மாற்றியவை

* நெல்லில் சதுர நடவு. இரண்டு பக்கமும் கோனோவீடர் ஓட்டுகிறோம். குத்துக்கு அருகில் மிஞ்சுவதை மட்டும் கையால் எடுக்கிறோம். வாங்கிய கருவியின் கைப்பிடி ஆம்பளை உயரத்துக்கு இருந்தது. பெண்கள் தோளைத் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. பட்டறையில் கொடுத்து இறக்கினோம்.
* காய்கறியில் மூடாக்கை இரட்டிப்பாக்கினோம். களைக்கொத்துக்கு நெஞ்சுயரக் காம்பு.
* அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் கரையேறி, இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்ந்து நாலைந்து முறை நிமிர்வோம். முதல் நாள் சிரித்தார்கள். இப்போது அவர்களே குரல் கொடுக்கிறார்கள். கூலியில் பிடித்தம் இல்லை.
* கரையேறியவுடன் யாரும் பாரம் தூக்குவதில்லை. கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான்.
* ஜீவாமிர்த பேரலைத் தலைமடையில் மேடை கட்டி வைத்து, குழாய் போட்டுவிட்டோம். கேன் சுமப்பதே இல்லை.
* நெல்லை 40 கிலோ மூட்டையாகத்தான் பிடிக்கிறோம். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நான் இளவயதில் சுமந்தது 75 கிலோ.

சதுர நடவுக்கு ஆள்கூலி முதலில் கூடத்தான் செய்தது. ஆனால் களையெடுப்பு ஆள் குறைந்ததில் அது ஈடாகிவிட்டது.

உடனே மருத்துவமனை போக வேண்டியவை

இடுப்பு வலியோடு சிறுநீர் போக முடியவில்லை அல்லது தெரியாமலே போகிறது, உட்காரும் இடத்திலும் மர்ம உறுப்பைச் சுற்றியும் மரத்துவிட்டது, இரண்டு காலும் பலமிழக்கிறது என்றால், அது குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எண்ணெய் போட்டு வழிக்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பாதம் தொங்கிப் போனாலும், காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், இரவில் படுத்தாலும் விடாமல் வலித்தாலும் தாமதிக்கக் கூடாது.

என் மனைவியும் இப்போது அதே பெண்ணிடம் பயிற்சிக்குப் போகிறார். அவருக்கு ஆறு வருடத்து வலி, மெதுவாகத்தான் குறைகிறது. இந்தத் தையில் நடந்த எங்கள் வட்டாரக் கூட்டத்தில் விதை, விலை, சான்று எல்லாம் பேசிய பிறகு, களையெடுக்கும் அக்காமார்களையும் அழைத்துப் பேச வைத்தோம். உங்கள் வயலில் குனிவதைக் குறைக்கும் கருவியோ முறையோ இருந்தால், அளவோடு படம் வரைந்து இதழுக்கு எழுதுங்கள். கைப்பிடி உயரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.