பதினாறில் ஜெயிக்கிறோம், இருபதில் எங்கே போகிறோம்?

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 1-0 எனத் தோற்றது. 22 ஆண்டுகளில் வங்கதேசத்திடம் நாம் கண்ட முதல் தோல்வி அது. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 30 அன்று, அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஈரானை 2-1 என வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உலகக் கோப்பைக்கு வழக்கமாகப் போய்வரும் ஈரானை வென்ற சிறுவர்கள் ஒருபக்கம், வங்கதேசத்திடம் தோற்ற அண்ணன்கள் இன்னொரு பக்கம். ஒரே நாடு, ஒரே மாதம்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த டர்ஃப் மைதானத்தின் வலைக்கு வெளியே நின்றாலும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோரிடம் இந்தக் கேள்வி இருக்கிறது: மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நம் பசங்க எங்கே நிற்கிறார்கள்? கோப்பைகளை மட்டும் எண்ணினால் நன்றாகவே நிற்கிறார்கள். தெற்காசிய 16, 17 வயதுப் பிரிவுக் கோப்பையை 2022 முதல் 2025 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இந்தியாதான் வென்றிருக்கிறது. அவற்றில் மூன்று இறுதி ஆட்டங்களில் எதிரே நின்றது வங்கதேசம். ஆனால் 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த நம் சீனியர் அணி 2025 நவம்பரில் 142க்கு இறங்கிவிட்டது. இரண்டும் உண்மை என்றால், இடையில் உள்ள மூன்று நான்கு ஆண்டுகளில்தான் ஏதோ நடக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பதினாறு வயது ஆட்டத்தின் ஸ்கோர் திறமையை மட்டும் அளப்பதில்லை. யார் முதலில் வளர்ந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. வயது வரம்பு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். அந்த வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது தோள் அகலத்திலும் ஓட்டத்திலும் கண்கூடாகத் தெரியும். உலகெங்கும் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதோடு வயதைக் குறைத்துக் காட்டும் பழைய நோயும் உண்டு. அதைப் பிடிக்கத்தான் ஃபிஃபா 2009 முதல் 17 வயது உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. ஆகவே ஒரு கோப்பையை வைத்து ஒரு தலைமுறையை எடைபோட வேண்டாம். அதே பிள்ளைகள் இருபது வயதில் எங்கே ஆடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு.

அப்படிப் பார்க்க நல்ல பாடம் 2018. மலேசியாவில் நடந்த ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியளித்த இந்திய அணி வியட்நாமை வென்றது. ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோலின்றி டிரா செய்தது. காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1. தொடர் முழுவதும் நம் வலைக்குள் போனது அந்த ஒரே ஒரு கோல்தான். இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தால் 2019இன் 17 வயது உலகக் கோப்பைக்கு நேரே போயிருப்போம். நூலிழையில் தவறியது. அந்தத் தொடரின் இறுதிவரை போய் ஜப்பானிடம் தோற்ற அணி எது தெரியுமா? தஜிகிஸ்தான். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் நாடு. நம் சென்னைப் பெருநகரத்தின் மக்கள்தொகை அளவு.

ஐந்தாண்டு கழித்து, 2024 ஜனவரியில், கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இரு நாட்டுச் சீனியர் அணிகளும் ஆடின. முதல் முறையாகக் கலந்துகொண்ட தஜிகிஸ்தான் காலிறுதி வரை வந்தது. இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்றதும் ஆடிய முதல் ஆட்டத்தில் நாம் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்றோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது மகிழ்ச்சியான இரவு. ஆனாலும் ஒற்றை ஆட்டம் வேறு, ஒரு தலைமுறையின் போக்கு வேறு.

உஸ்பெகிஸ்தானின் கதை இன்னும் தெளிவானது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதிதான் அந்த நாடு. 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டம்; அதே ஆண்டு 17 வயது உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வெளியேற்றியது; 2025 ஏப்ரலில் சவுதி அரேபியாவில் நடந்த 17 வயது ஆசிய இறுதியில் ஒன்பது பேரோடு ஆடி, போட்டியை நடத்திய நாட்டையே 2-0 என வென்றது. இது சிறுவர்களோடு நின்றுவிடவில்லை. 2024இல் பாரீஸ் ஒலிம்பிக், 2026க்கு முதல் முறையாக உலகக் கோப்பைத் தகுதி என்று மேலே வரை போயிருக்கிறது.

அவர்கள் செய்ததில் நமக்கு உறைக்க வேண்டியது ஒன்று உண்டு. 2021இல் தாஷ்கண்டில் 'ஒலிம்பிக்' என்ற பெயரில், இளையோர் தேசிய அணி வீரர்களையே கொண்ட ஒரு கிளப்பைத் தொடங்கி, பெரியவர்களின் லீகிலேயே ஆட விட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன் வாரா வாரம் முப்பது வயது தடுப்பாட்டக்காரனோடு மோதித் தேறினான். இதே யோசனை நமக்கு முன்பே வந்தது! 'இந்தியன் ஆரோஸ்' என்று பெயர். 2017இன் 17 வயது உலகக் கோப்பையில் ஆடிய அமர்ஜித், ஜீக்சன், ரஹீம் அலி போன்றவர்களை ஐ-லீகில் ஆடவைத்த அணி அது. அந்த உலகக் கோப்பையில் நாம் மூன்று ஆட்டத்திலும் தோற்றோம்; கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் தலையால் அடித்த கோல் மட்டும் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பின்னர் ஐ.எஸ்.எல். கிளப்களில் இடம்பிடித்ததற்கு ஆரோஸில் கிடைத்த ஆட்டங்கள் பெரிய காரணம். ரஹீம் அலி அங்கிருந்துதான் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். 2022இல் ஆரோஸை மூடிவிட்டார்கள். பணத்தை இன்னும் சிறிய வயதுப் பிரிவு லீகுகளில் போடுவதாகக் காரணம் சொன்னார்கள். அடியை வலுப்படுத்துவது சரிதான். மேலே ஏறும் படியை எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

ஐ.எஸ்.எல்.லில் ஓர் அணி களத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். பெரும்பாலும் கோல் அடிக்கும் இடங்கள்தான் அவர்களுக்குப் போகின்றன. பதினெட்டு வயது முன்கள வீரன் பெஞ்சில் உட்கார்ந்து பழகுகிறான். 2025இல் அந்த லீகே உரிய காலத்தில் தொடங்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனபோது, பெஞ்சும் இல்லாமல் போனது. மான்செஸ்டர் சிட்டிக்கு 2025 ஜனவரியில் போன உஸ்பெக் தடுப்பாட்டக்காரர் அப்துகோதிர் குசானோவ் பதினெட்டு வயதில் எங்கே ஆடிக்கொண்டிருந்தார்? பெலாரஸின் மின்ஸ்க் நகரில், யாரும் கேள்விப்படாத ஒரு சிறிய கிளப்பில். ஆனால் வாரா வாரம் ஆடினார். அங்கிருந்து பிரான்ஸின் லான்ஸ், அங்கிருந்து சிட்டி.

பெண்கள் பக்கம் வந்தால் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. தெற்காசியப் பெண்கள் கோப்பையின் முதல் ஐந்து தொடர்களையும் இந்தியாதான் வென்றது. 2022இல் வங்கதேசம் நம்மை 3-0 என வென்று கோப்பையையும் எடுத்தது, 2024இல் தக்கவைத்தது. திடீரென்று முளைத்த அணி அல்ல. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்ற சிற்றூர் அரசு ஆரம்பப் பள்ளியிலிருந்து மட்டும் பல பெண்கள் வந்தார்கள். சிறு வயதிலேயே டாக்காவில் ஒன்றாகத் தங்கவைத்து, அதே குழுவைக் கலைக்காமல் சீனியர் அணி வரை கொண்டுபோனார்கள். நம்மிடம் இதற்கு இணையான மண் கடலூரில் இருக்கிறது. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் அந்த மாவட்டத்துப் பெண்கள். தமிழ்நாடு 2018இல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் எடுத்தது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் தேசிய லீகை வென்றது. 2025இல் இந்தியாவின் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் மியான்மரை வென்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இந்தக் குழுவைக் கலைக்காமல் வைத்திருந்தால் போதும்.

இலங்கையோடும் பாகிஸ்தானோடும் ஒப்பிடும்போது பாஸ்போர்ட் என்ற வேறொரு கணக்கு நுழைகிறது. அந்த நாடுகளும் வங்கதேசமும் ஐரோப்பாவில் வளர்ந்த தம் வம்சாவளி வீரர்களை அழைத்து ஆடவைக்கின்றன. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் தேசிய அணியில் ஆட முடியாது. வேல்ஸில் பிறந்து, 2023இல் பதினேழு வயதில் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்புக்காக முதல் ஆட்டம் ஆடிய விமல் யோகநாதன் ஈழத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. அவரைப் போன்றவர்களுக்கு இலங்கை அணியின் கதவு திறந்திருக்கிறது.

இனி நம் தென்புறநகருக்கு வருவோம். இங்கே பந்து உருளாமல் இல்லை. மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் தங்கிப் பயிலும் அகாடமி நடத்துகிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது வலையடித்த டர்ஃபில்தான். ஒரு மணி நேரம் புக் செய்து, ஐந்து பேரோ ஏழு பேரோ ஆடி, முடிந்ததும் ஷூவைக் கழற்றிக் கறுப்பு ரப்பர் துகளைக் கொட்டுகிறார்கள். அடுத்த பேட்ச் கேட் அருகே காத்திருக்கிறது. அந்தக் கூண்டுக்குள் காலடி வேலை நன்றாகவே வருகிறது. வராதது என்ன? பந்து வெளியே போகாது, வலையில் பட்டுத் திரும்பும். ஆஃப்சைடு கிடையாது. நாற்பது மீட்டர் குறுக்குப் பாஸைப் பார்க்கவே இடமில்லை. இரண்டு ஆண்டு டர்ஃபில் மட்டும் ஆடிய பையனைப் பதினொருவர் ஆட்டத்தில் தடுப்பு வரிசையில் நிறுத்தினால், பந்தைப் பார்த்துக்கொண்டே தன் பின்னால் ஓடுபவனை விட்டுவிடுவான். அது அவன் குற்றமில்லை. முதுகுக்குப் பின்னால் அவ்வளவு இடம் அவன் பார்த்ததே இல்லை.

இதோடு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்கின்றன. ஜப்பானில் பள்ளி அணிகளும் கிளப் இளையோர் அணிகளும் ஒரே லீகில் மோதுகின்றன. அதன் உச்சப் பிரிவில் ஓர் அணி ஆண்டுக்கு 22 லீக் ஆட்டம் ஆடுகிறது. நம் பையன் சரியாக அந்த வயதில் டிசம்பர் பிறந்ததும் ஷூவை மேலே வைத்துவிட்டு ட்யூஷன் போகிறான். பதினெட்டில் கனவும் மாறுகிறது: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, அப்புறம் ரயில்வே, சுங்கம், வருமான வரி என்று ஒரு வேலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வேலைகள் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன.

பயிற்சி முகாமில் பிள்ளையைச் சேர்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். முழு மைதானத்தில், பதினொருவர் ஆட்டமாக, ஆண்டுக்கு எத்தனை லீக் ஆட்டம் ஆடவைப்பீர்கள்? பிறந்த தேதி கடைசி மாதங்களில் விழும் சிறிய பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்பு உண்டா? இங்கே பதினாறு வயதில் ஆடியவர்கள் இப்போது எந்த அணியில் ஆடுகிறார்கள்? இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவு முறையில் பிள்ளையின் பெயரை ஏற்றுவீர்களா? இவற்றுக்குப் பதில் சொல்பவர் சுவரில் மாட்டிய கோப்பைகளைக் காட்டினால், மூன்றாவது கேள்வியை மறுபடி கேளுங்கள்.