பழைய அம்பாசடருக்கு ஐந்தாவது கியர்

"ஏனுங்கண்ணா, பேசாம இன்ஜினையே மாத்திப் போட்டுடலாமுங்களா?"

பழைய அம்பாசடரை ஓட்டிக்கொண்டு கோவையில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். வேண்டாமுங்க என்பேன். கியர் பாக்ஸை மாற்றுங்கள், இன்ஜினைப் பிரித்துச் சரி செய்யுங்கள், ஆனால் இருக்கிற இன்ஜினைத் தூக்கி எறியாதீர்கள்.

அம்பாசடரைச் செய்த தொழிற்சாலை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அம்பாசடருக்கு மூலம். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் அங்கிருந்து வந்ததே. சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ ஏறக்குறைய 89 மி.மீ. இப்படி நீளமாக ஏறி இறங்கும் இன்ஜினுக்கு மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைத்துவிடும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் மலையில் இரண்டாவது கியரில் அலுங்காமல் ஏறும். ஆனால் வேகமாகச் சுற்றச் சொன்னால் அதற்குப் பிடிக்காது. மொத்தத் திறனே 50 குதிரையை ஒட்டித்தான்.

பழைய கியர் பாக்ஸில் நான்கு கியர். நான்காவதில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டும் அதே ஒரு சுற்றுதான். அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டால் வண்டிக்குள் பேச்சுக் கேட்காது. ஐந்தாவது கியர் இருந்தால் ஷாஃப்ட் இன்ஜினைவிடக் கூடுதலாகச் சுற்றும். அதே எண்பதில் இன்ஜின் நிதானமாக ஓடும். 1992இல் இசுசூ 1800 இன்ஜினோடு வந்த அம்பாசடரில் ஐந்து கியர் பாக்ஸ் இருந்தது, அதுவும் ஃப்ளோர் கியர். அந்த வண்டிகளை உடைத்து விற்பவர்களிடம் பாக்ஸ் கிடைக்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து பற்களையும் சிங்க்ரோ வளையங்களையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்ஜினை மாற்ற வேண்டாம் என்பதற்கு ஆர்.சி. புத்தகமும் ஒரு காரணம். அதில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, கியர் பாக்ஸுக்கு நம்பர் இல்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் எனப் பதிந்து 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். ஃப்ளோர் கியருக்காகத் தரையில் ஓட்டை போட்டாலே பாடியை மாற்றியதாக ஒரு அதிகாரி சொல்லக்கூடும். அதனால் வி.ஏ. நம்பர் ஆசை உள்ளவர்களை ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் பழைய கை கியரோடேயே அனுப்பிவிடுவேன். அந்த நம்பரோடு தினசரி ஓட்டவும் முடியாது, ஐந்தாவது கியர் எதற்கு?

கியர் பாக்ஸ் மட்டும் மாற்றினால் போதாதா என்பார்கள். இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டில் மரை போலக் கடைந்திருப்பார்கள். சுற்றச் சுற்ற அது எண்ணெயை சம்ப்புக்குள் திருப்பித் தள்ளும். பேரிங் தேய்ந்து கிராங்க் இறங்கினால் இடைவெளி கூடும், எண்ணெய் கிளட்ச் பக்கம் கசியும். புதிதாகப் போட்ட கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறி வழுக்கும். அதனால் இரண்டு வேலையையும் ஒரே தடவையில் முடித்துவிடுவது நல்லது.

பிரித்ததும் சிலிண்டருக்குள் டயல் விட்டு அளப்பேன். தேய்மானம் மேலேதான் அதிகம் இருக்கும். சூடும் அழுத்தமும் அங்கேதான், எண்ணெயோ சரியாகப் போய்ச் சேராது. வட்டமும் முட்டை வடிவாகியிருக்கும். லேத்துக்கு அனுப்பி இருபது தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்கு இருபது பங்கு, பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடுவோம். பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்து பார்த்த பிறகே போர் பண்ண வேண்டும். டப்பாவில் அச்சடித்த அளவை நம்பி சிலிண்டரைக் கடைந்துவிட்டு, பிஸ்டன் லூசாக இருக்கிறது என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சிலிண்டர் ஹெட்டில் இன்னொரு விஷயம். அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து உட்காரும் வார்ப்பிரும்பு இருக்கையைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல். ஊருக்குள் ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டும்போது இருக்கை கரைந்து வால்வு உள்ளே இறங்கும். ஐந்தாவது கியர் கேட்பவர் நெடுஞ்சாலைக்குத்தானே போகப் போகிறார். அதனால் கடினமான இரும்பில் சீட் வளையம் கடைந்து இறக்கிவிடுவேன்.

இசுசூ பாக்ஸ் பழைய இன்ஜினோடு நேராகப் பொருந்தாது. நடுவே ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை பிளேட்டின் துளை விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். ஒரு முழுச் சுற்றில் முள் ஐந்து தவ்வுக்கு மேல் ஆடினால் பிளேட்டைக் கழற்றி மறுபடி உட்கார வைக்க வேண்டியதுதான். பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பொறுமை போய்விடும். பார்க்காமல் மாட்டினால் முதலில் பைலட் புஷ் போகும், பிறகு பாக்ஸின் முன் பேரிங் கத்தும். புரொபெல்லர் ஷாஃப்டையும் புது நீளத்துக்கு வெட்டி, பற்றவைத்து, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக்கூடாது.

எல்லாம் மாட்டியதும் டேப்பட் வைக்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரி செய்ய, ஒரு ஒன்பது கணக்கு உண்டு. முன்பக்கமிருந்து எண்ணினால் எட்டு வால்வு. ஒன்றாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது எட்டாவதில் பதினைந்து தவ் கேஜை நுழைத்துப் பாருங்கள். இரண்டு அமுங்கினால் ஏழு, மூன்றுக்கு ஆறு, நான்குக்கு ஐந்து. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். பட்டறைப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

முதல் 800 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டிவிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். எண்ணெய் மாற்றி, ஹெட் நட்டை மறுபடி முறுக்கி, டேப்பட் பார்த்து அனுப்புவேன். அப்போதுதான் அடுத்த கேள்வி வரும்: "அப்படியே ஒரு ஏ.சி.யும் மாட்டிடலாமுங்களா?" இருக்கிற ஐம்பது குதிரையில் கம்ப்ரசருக்கும் பங்கு கொடுக்க வேண்டுமே! முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டுக்கொள்ளுங்கள், காற்று மூஞ்சிக்கே வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.