ஆலையா? பாங்கா?

சென்ற மாதம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலுள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சோதனையின் பொருட்டுச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து முடித்தபின், நகைப் பொட்டலங்களை எடுத்து வைக்கச் சொல்லி, முத்திரையையும் எடையையும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு பொட்டலம் கண்ணில் பட்டது. ஐந்தரைச் சவரன். நான்கு ஆண்டுகளாக ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தது. கடனின் நோக்கம் என்ற பத்தியில் 'சாகுபடிச் செலவு' என்று எழுதியிருந்தார்கள். அந்த அங்கத்தினருக்கு இன்று எஞ்சியுள்ள நிலம் ஒன்றரை ஏக்கர். மற்றது தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டுவிட்டது. ஒன்றரை ஏக்கர் நெல்லுக்கு நான்கு ஆண்டும் தீராத செலவு எங்கிருந்து வந்தது என்று செயலாளரைக் கேட்டோம். அவர் சிரித்தார். கல்லூரிக் கட்டணம் என்பது சொல்லாமலே விளங்கிற்று. (இதைச் சோதனைக் குறிப்பில் எழுதினோமா என்று மேலதிகாரிகள் ஐயுற வேண்டாம்; எழுதினோம்.)

அன்று மாலை அந்த அங்கத்தினரே வட்டி கட்ட வந்தார். நாம் இருப்பதைக் கண்டு சற்றுத் தயங்கி நின்றவர், பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், பொண்ணுக்கு ரெண்டு ஆர்டர் வந்திருக்குது. ஒண்ணு ஒரகடம் கம்பெனி, ஒண்ணு பாங்கு. நாலு வருஷம் மிஷினப் பத்திப் படிச்சிட்டு நோட்டு எண்ணப் போவுதான்னு ஊர்ல கேக்கறாங்க. எதுல சேக்கட்டும், நீங்க சொல்லுங்க."

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இப்பத்திரிகையைப் படிக்கும் நெசவாளர் வீடுகளிலும் விவசாயிகள் வீடுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வியே இது. தறியிலோ ஏரிலோ பிள்ளையை இருத்திக்கொள்ளும் எண்ணம் பலருக்கு இல்லை. படிக்க வைத்துவிடுகிறார்கள். படித்தபின் எங்கே என்பதில்தான் தடுமாற்றம்.

முதற் காகிதம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் நியமனக் கடிதம். மெக்கானிகல் என்ஜினீயரிங் பட்டம் பெற்ற பெண்ணுக்கு ஓராண்டுப் பயிற்சி. பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது இருபதாயிரத்துக்குச் சற்றுக் கீழே. பஸ் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, சுழல்முறை வேலை. ஆண்டு முடிவில் வேலையைப் பார்த்து நிரந்தரம் செய்வதாக ஒரு வரி. இதைக் குறைவென்று சொல்வதற்கில்லை. பயிலுநர் சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பயிலுநருக்குக் குறைந்த அளவாக வைத்த உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய்தான்.

இரண்டாவது காகிதம் ஒரு பொதுத்துறைப் பாங்கில் குமாஸ்தா வேலைக்குத் தேர்வானதன் அறிவிப்பு. (குமாஸ்தா என்ற பெயரை இப்போது வாடிக்கையாளர் சேவை உதவியாளர் என்று மாற்றியிருக்கிறார்கள். மேஜை மாறவில்லை.) இவ்வேலைக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாய். இதன்மேல் தனிப்படி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியோடு மாறும் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவை சேர, முதல் மாதமே மொத்தம் நாற்பதாயிரத்தை ஒட்டி நிற்கும். பதவி உயர்வே பெறாமல் ஒரே நாற்காலியில் இருந்தாலும், பத்தொன்பது ஆண்டு உயர்வுகளில் அடிப்படைச் சம்பளம் 64,480-ஐ எட்டும் என்று இன்றைய விகிதத்திலேயே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அதிகாரியாகச் சேர்ந்தால் தொடக்கமே 48,480. அந்த முதற் படியின் முடிவு 85,920.

ஆக, தொடக்கத்தில் பாங்கு ஏறக்குறைய இருமடங்கு. இது ஏன் என்று அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டும். நோட்டு எண்ணுவது எந்திரத்தை இயக்குவதைவிட அரிய வித்தை என்பதாலா? அன்று.

பாங்குச் சம்பளத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1953-இல் சாஸ்திரி நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு மன்றம் அளித்த முடிவை அரசாங்கம் மாற்றியபோது, மத்திய தொழிலாளர் அமைச்சராயிருந்த வி. வி. கிரி அதற்கு உடன்படாமல் பதவியையே துறந்தார். 1962-இல் தேசாய் தீர்ப்பு. 1966 அக்டோபரில் பாங்குகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அவ்வரிசையில் பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8-ஆம் நாள் முடிவாயிற்று. 2022 நவம்பர் முதல் ஐந்தாண்டுகளுக்கு அது செல்லும். மேலே கொடுத்த தொகைகள் அதிலிருந்து எடுத்தவையே. காஞ்சிபுரத்துக் கிளையில் உள்ள குமாஸ்தாவுக்கும் கௌஹாத்திக் கிளையில் உள்ளவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்று.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் இந்த நிலை இல்லை. அங்கே ஒவ்வோர் ஆலையும் ஒரு தனி நாடு. 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபின் ஆலைகள் வரிசையாக வந்தன. 2006-இல் நோக்கியா, 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லரின் பாரவண்டி ஆலை, அதற்கடுத்த ஆண்டு ராயல் என்பீல்ட். இவர்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய ஆலைகள் இன்னும் ஏராளம். நிரந்தரத் தொழிலாளி, பயிலுநர், குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவர், ஒப்பந்தக்காரரின் ஆள் என நால்வர் ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்து, நான்கு விதமான கூலி பெறுவதை அங்கே காணலாம். பெரிய கார் ஆலையின் நிரந்தரத் தொழிலாளி வாங்குவதை அவ்வாலைக்குக் கதவுப்பிடி செய்து தரும் ஆலையின் என்ஜினீயர் வாங்குவதில்லை என்பதும் உண்டு. சம்பளத்தை நிர்ணயிப்பது படிப்பு மட்டும் அன்று. எந்த வாயிலில் நுழைந்தோம் என்பதும் ஆகும்.

2024 செப்டம்பர் 9-ஆம் நாள் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நின்றதை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சராசரி மாத ஊதியம் 25,000 ரூபாய் என்றும், அதை மூன்றாண்டுகளில் 36,000 ஆக்க வேண்டும் என்றும் தொழிலாளர் தரப்பு கூறியது. கூலியைவிடக் கடினமாயிருந்தது சங்கத்தைப் பதிவு செய்வதுதான். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் அது பதிவாயிற்று. பாங்கு ஊழியர்கள் 1966-இல் உட்கார்ந்த மேஜைக்கு இவர்கள் இப்போதுதான் நாற்காலி கேட்கிறார்கள். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய எத்தனை படி ஏற வேண்டும் என்பது கூட்டுறவாளருக்குத் தெரியாததன்று.

அடுத்து, நிலைபேறு. நோக்கியா ஆலை உச்ச நிலையில் எண்ணாயிரம் பேருக்கு நேரடியாக வேலை கொடுத்தது. அவர்களுள் பெரும் பகுதி இளம் பெண்கள். வரி வழக்கில் சிக்கிய ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் நாள் மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வேறொரு நிறுவனம் வந்து சேர்ந்ததென்றாலும், இடையில் இருபத்தெட்டு வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையும் 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது.

பாங்குகள் மட்டும் அசையாதவையா என்றால், முழுக்கவும் அப்படியன்று. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கு 2020 நவம்பரில் வேறொரு பாங்கோடு இணைக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதல் அடியோடு போயிற்று. ஆனால் ஊழியர்கள் அதே சம்பளத்தில் தொடரலாம் என்று இணைப்புத் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆலை மூடுவதற்கும் பாங்கு மூடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இவ்வளவையும் எழுதியபின், என்ஜினீயர் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்லவேண்டும். பாங்கில் அடுத்த படி எது என்பது முன்பே அச்சாகியிருக்கும். அதற்குமேல் தாவ முடியாது. அதிகாரியானால் இந்தியாவின் எந்த மூலைக்கும் மாற்றுவார்கள். இன்ஷூரன்ஸும் அட்டையும் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி இன்றைய கிளைகளில் உண்டு. நம் பாங்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமையன்றும் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள். என்ஜினீயருக்கோ முதல் ஐந்தாண்டுகள் வறட்சி. அதன்பின் கையில் வித்தை இருந்தால் உயரம் கட்டுப்பாடற்றது. அச்சு வடிவமைப்பு, மின்கல வாகனம், தானியங்கி எந்திரங்களுக்கு நிரல் எழுதுதல் இவற்றைக் கற்றவர் ஓராலையை விட்டு மற்றோர் ஆலைக்குச் செல்லும்போதெல்லாம் சம்பளத்தை உயர்த்திக்கொள்கிறார். ஒரகடத்திலேயே வாகனங்களைப் பரிசோதிக்கும் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கும் மகேந்திரா சிட்டியின் ஆராய்ச்சிக் கூடங்களிலும் நுழைகிறவர் பாங்கு மேலாளரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. அப்படி நுழைகிறவர் சிலர் என்பதும் உண்மை.

மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? 2024 மே மாதத்தில் ஸ்டேட் பாங்கின் அப்போதைய தலைவர் தினேஷ் காரா ஒரு செய்தி சொன்னார். அவ்வாண்டு புதிதாகச் சேர்க்கப்படும் ஏறத்தாழ 12,000 பேரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் என்ஜினீயர்களாம். நாட்டுக்கு இது நல்லதா என்று நமக்குத் தெளிவில்லை. குடும்பத்துக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதக்கூடிய பரீட்சை அது. அதற்காக நான்கு ஆண்டு என்ஜினீயரிங் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 2017-இல் நிர்ணயித்தபடி, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்; நிர்வாக இடத்துக்கு எண்பத்தையாயிரம். பஸ்ஸும் விடுதியும் தனி. பாங்கு வேலைதான் முடிவென்றால் கலைக் கல்லூரி வழி போதாதா என்பதைப் பெற்றோர் பிளஸ் டூ முடிவன்றே கேட்டுக்கொள்வது நலம். பரீட்சை கடினம் என்பதையும் மறைக்கவில்லை. குமாஸ்தாவுக்கு இருபது முதல் இருபத்தெட்டு வயதுக்குள் எழுத வேண்டும், நம் அங்கத்தினருடைய மகள் ஓராண்டு முழுதும் வீட்டிலிருந்து படித்தாள்.

நம் கூட்டுறவுப் பாங்குகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 1904-இல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. நாட்டிலேயே இத்தகையவற்றுள் முதலில் தோன்றியவை அவை. இன்று மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் வழியாகக் கூட்டுறவு நிறுவனங்களுக்கு உதவியாளர்களை எடுக்கிறார்கள். பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் வேண்டும். சம்பளம் பெரிய பாங்குகளுக்கு இணையன்று. ஆனால் மாவட்டத்தை விட்டுப் போகவேண்டாம்.

இத்தனையும் அந்தத் தகப்பனாரிடம் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. பெண் வெளியே ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். அழைத்துக் கேட்டோம். "ஆலைக்குப் போகத்தான் சார் ஆசை. டிசைன்ல போட்டா போவேன். இதுல குவாலிட்டி செக்கிங்தான். அதுவும் ஒரு வருஷத்துக்கு. அப்பா நகையை மீட்கணும்" என்றாள். நாம் அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. பாங்கில் சேரும்படியும், வடிவமைப்புப் பாடத்தை மாலை வகுப்பில் விடாமல் படிக்கும்படியும் மட்டும் சொன்னோம். இரண்டாவதைச் செய்வாளா என்பது நமக்கே ஐயம்தான்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் அச்சங்கத்தின் செயலாளர் பேசினார். பெண் வேலையில் சேர்ந்துவிட்டாளாம். பொட்டலத்தில் இரண்டு சவரனைத் தகப்பனார் மீட்டுக்கொண்டு, மிச்சத்தை இளையவனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்காக மறுபடியும் வைக்கிறாராம். நோக்கம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று கேட்டார். 'கல்வி' என்றே எழுதச் சொன்னோம். அப்படியானால் விவசாய நகைக்கடன் ஆகாது, வட்டி கூடுமே என்றார். அதை அவரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள் என்றோம்.