மனை மலிந்தால் வீடு மலியுமா?

அமெரிக்காவின் பல கவுண்டிகளில் அவ்வப்போது ஓர் ஏலம் நடக்கும். முன்பு நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று கூவி விற்றார்கள். இப்போது பெரும்பாலும் இணையத்தில். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் சொத்து வரி கட்டாமல் உரிமையாளர் கைவிட்ட மனைகள். கூரை சரிந்த ஒரு வீடு, பாதை இல்லாத கால் ஏக்கர், ஆற்றோரத்துச் சதுப்பு என்று கலவையாக இருக்கும். அதிகம் கேட்டவருக்குக் கிரயம். வாங்கியவர்களில் பலர் அந்த ஊரையே பார்த்திருக்க மாட்டார்கள். மனை இன்னும் பத்து வருடம் புல் முளைத்துக் கிடக்கும். அதே ஊரில் பள்ளிக்கூட ஆசிரியரும் மருத்துவமனைச் செவிலியும் வாடகைக்கு வீடு கிடைக்காமல் நாற்பது மைல் தள்ளியிருந்து வந்துபோவார்கள்.

அந்த நிலத்தை இந்த ஆட்களுக்கு வீடாக்க முடியாதா என்ற கேள்விதான் இப்போது பல கிராமப்புறக் கவுண்டிகளில் கேட்கப்படுகிறது. பதில் பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குச் சிக்கல்.

கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டத்தோடு ஒப்பிடலாம், ஆனால் அளவில் ஏமாந்துவிடக் கூடாது. மூவாயிரத்துக்கு மேல் கவுண்டிகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் ஒரு கோடிப் பேர்; டெக்சாஸில் உள்ள லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 64 பேர். இரண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம், சொத்து வரி, ஷெரிஃப், பத்திரப் பதிவு எல்லாம் உண்டு. சின்ன கவுண்டியில் வீட்டுவசதிக்கென்று தனி அலுவலகமெல்லாம் இருக்காது. பொருளாளர் வரி வசூலிப்பார், அவரே ஏலமும் நடத்துவார்.

கவுண்டியின் கையில் நிலம் எப்படி வருகிறது? முதல் வழி, சொன்னதுபோல் வரிப் பாக்கி. இரண்டாவது, கவுண்டியே முன்பு வைத்திருந்து இப்போது தேவைப்படாதது: பழைய சாலைப் பணிமனை, சரளைக் குழி, மூடிய மருத்துவமனை, நூறு வருடத்துக்கு முன் ஆதரவற்றோரை வைத்துப் பராமரித்த பண்ணை. வீடு கட்ட நினைப்பவர் இந்த இரண்டாவது வகையைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கணிப்பு. வில்லங்கம் குறைவு, பரப்பும் பெரிது. வரிப் பாக்கி மனையில் பழைய உரிமையாளர், வாரிசுகள், அடமானக் கடன் கொடுத்த வங்கி என்று எல்லோருடைய நிழலும் இருக்கும்.

அந்த நிழல் 2023 முதல் இன்னும் நீண்டிருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தின் ஹென்னபின் கவுண்டியில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி தன் சிறிய குடியிருப்புக்குச் சுமார் 2,300 டாலர் வரி பாக்கி வைத்திருந்தார். வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலர் ஆயிற்று. கவுண்டி அதைக் கைப்பற்றி 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. கடனுக்கு மேல் எடுத்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அதனால் ஒரு முடிச்சும் விழுந்தது. கைப்பற்றிய மனையைச் சொற்ப விலைக்கு ஒரு வீட்டுவசதித் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால், சந்தை விலைக்கும் அந்தச் சொற்ப விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய உரிமையாளர் நாளை கேட்கலாம். ஏழைக்கு வீடு தர இன்னொரு ஏழையின் சேமிப்பைத் தொட முடியாது என்பதால், கவுண்டிகள் இப்போது ஒவ்வொரு கிரயத்துக்கும் வக்கீலைக் கேட்கின்றன.

உபரி அரசு நிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மாநிலச் சட்டம்தான் வழிகாட்டும். கலிபோர்னியாவின் உபரி நிலச் சட்டப்படி, தேவைப்படாத நிலத்தை விற்கும் முன் கட்டுப்படியாகும் வீடு கட்டுபவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் விருப்பம் தெரிவிக்க 60 நாள். பிறகு பேரத்துக்கு 90 நாள். கட்டும் வீடுகளில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரருக்கு ஒதுக்குபவருக்கு முன்னுரிமை. ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு கவுண்டியும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு கட்ட ஏற்ற தன் நிலங்களைப் பட்டியலிட வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2018இல், வீட்டுவசதிக்கென்றால் உபரி நிலத்தைச் சந்தை விலைக்குக் கீழே, இலவசமாகக்கூடக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ளோரிடாவின் பட்டியல். தன்னிடம் என்ன நிலம் இருக்கிறது என்பதே தெரியாத நிர்வாகங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

இங்கே ‘கட்டுப்படியாகும்’ என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு என்பதை அந்தப் பகுதியின் நடு வருமானத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பொதுவாக அதில் 80 சதவீதத்துக்கு உட்பட்டவர்கள் குறைந்த வருமானக்காரர்கள்.

நிலம் இலவசமாகவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வீடு எழும்பிவிடுமா? கான்சஸ் மாநிலத்தின் லிங்கன், மார்க்வெட் போன்ற சிற்றூர்கள் மனையைச் சும்மாவே கொடுத்துப் பார்த்திருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சில குடும்பங்கள் வந்தன. வெள்ளமாக யாரும் வந்துவிடவில்லை. கிராமப்புறத்தில் வீட்டின் விலையில் மனையின் பங்கு சிறியது என்பதே காரணம். பெரிய செலவு மண்ணுக்குக் கீழே இருக்கிறது. ஊர்க் குழாயும் சாக்கடையும் எட்டாத இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க் இரண்டும் வேண்டும். கழிவுநீர் கிணற்றில் கலக்காதிருக்க இரண்டுக்கும் இடையே தூரம் விட வேண்டும். அதனால் மனையும் பெரிதாக வேண்டும். பத்து வீடு கட்டலாம் என்று பார்த்த நிலத்தில் மூன்றுதான் கட்ட முடியும்.

அடுத்தது வங்கி. புது வீடு கட்ட 2,50,000 டாலர் ஆகிறது, சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகள் 1,70,000க்குத்தான் விற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் அந்த விற்பனைகளைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். வங்கி அதற்கு மேல் கடன் தராது. இடையில் உள்ள 80,000 டாலரை யார் போடுவது? நகரத்தில் நிலத்தின் விலை வீட்டை எட்டாததாக்குகிறது. கிராமத்தில் விலை குறைவாக இருப்பதே வீடு கட்டவிடாமல் செய்கிறது.

வங்கி கைவிரிக்கும் குடும்பங்களுக்கு உதவத்தான் மத்திய அரசு விவசாயத் துறையின் கிராம வீட்டுவசதித் திட்டங்கள் இருக்கின்றன. (வீட்டுக்கு விவசாயத் துறையா என்று கேட்கலாம், 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து அப்படித்தான்.) அதன் நேரடிக் கடனுக்கு முன்பணம் பொதுவாகத் தேவையில்லை. மானியம் கழித்து வட்டி 1 சதவீதம் வரை இறங்கலாம். தவணை 33 ஆண்டு, சிலருக்கு 38. இதோடு சேர்ந்த இன்னொரு திட்டத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒருவர் வீட்டை மற்றவர்கள் கட்டித் தருவார்கள். வேலையில் சுமார் 65 சதவீதத்தை அவர்களே செய்ய வேண்டும். எல்லா வீடும் முடியும்வரை யாரும் குடிபோகக் கூடாது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பண்ணைத் தொழிலாளர்கள் இப்படித்தான் கட்டத் தொடங்கினார்கள். அங்கே 1965இல் தொடங்கிய செல்ஃப்-ஹெல்ப் எண்டர்பிரைசஸ் என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது. கவுண்டி தன் மனையை இப்படிப்பட்ட குழுவுக்குக் கொடுப்பது, ஏலத்தில் வரும் சில ஆயிரம் டாலரைவிட லாபம். வீடு எழும்பினால் வரி வருடா வருடம் வரும்.

அப்படிக் கொடுக்கும்போது, விலையைவிடப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டு மூன்று வருடத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் கவுண்டிக்கே திரும்பும் என்று ஒரு வரி இருந்தால் பதுக்கிவைக்க வாங்குபவர் ஒதுங்கிவிடுவார். ஆனால் அதே வரியைக் கண்டால் வங்கியும் ஒதுங்கும், கடன் கொடுத்த நிலம் கைவிட்டுப் போகலாமே என்று. அதனால் கட்டுமானக் கடனுக்குத் தன் உரிமை பின்னால் நிற்கும் என்று கவுண்டி எழுதித் தருவது வழக்கம். இந்த ஒரு வரியை எழுதத் தெரியாமல் கெட்ட திட்டங்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஓட்டை, மறுவிற்பனை. மலிவாக வாங்கியவர் ஐந்து வருடத்தில் சந்தை விலைக்கு விற்றுவிட்டுப் போனால் அரசு கொடுத்த சலுகை அவரோடு போய்விடும். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும். குடும்பம் வீட்டை மட்டும் வாங்கி, நிலத்தைப் பெரும்பாலும் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கும். விற்கும்போது ஒப்பந்தத்தில் உள்ள கணக்குப்படி ஓரளவு லாபம் உண்டு, முழு லாபம் இல்லை.

இதன் வேரில் ஒரு பங்கு நம் நாட்டில் இருக்கிறது. 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம், பின்பு கிராமதானமாக வளர்ந்தது: நிலம் ஊர்ப் பொது, உழுபவருக்கு உபயோக உரிமை. அதைக் கவனித்த அமெரிக்கர்கள் ரால்ப் போர்சோடியும் ராபர்ட் ஸ்வானும் அந்த எண்ணத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இஸ்ரேலின் குத்தகை நிலக் குடியிருப்புகளையும் பார்த்துவிட்டு வந்த கறுப்பின உரிமைப் போராளிகள், சார்லஸ் ஷெராட் முதலியோர், ஸ்வானோடு சேர்ந்து 1969இல் ஜார்ஜியாவின் லீ கவுண்டியில் நியூ கம்யூனிட்டீஸ் என்ற கூட்டுப் பண்ணையை அமைத்தார்கள். ஏறத்தாழ 5,700 ஏக்கர். வறட்சி வந்தபோது விவசாயத் துறையின் அவசரக் கடன் உரிய காலத்தில் கிடைக்காமல் 1985இல் நிலம் பறிபோயிற்று. நிறப் பாகுபாட்டு வழக்கில் 2009இல்தான் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. அதில் வேறொரு பழைய தோட்டத்தை வாங்கினார்கள்.

அந்தப் பண்ணை போயிற்று, முறை தங்கிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் கவுண்டி முழுக்கத் தீவுகள். மக்கள் தொகை சுமார் 18,000. விடுமுறை வீடு வாங்குபவர்கள் விலையை ஏற்றிவிட, படகோட்டியும் கடைக்காரரும் தங்க இடமில்லை. அங்கே ஓர்க்காஸ் தீவில் 1989இலேயே ஓப்பல் என்ற நில அறக்கட்டளை தொடங்கியது. 2018இல் கவுண்டி வாக்காளர்கள், ஒவ்வொரு நிலம் வீடு விற்பனையிலும் அரை சதவீதம் வீட்டுவசதி நிதிக்குப் போகட்டும் என்று வாக்களித்தார்கள். அதில் ஏறக்குறைய முழுவதையும் வாங்குபவரே கட்ட வேண்டும். அதாவது கடலைப் பார்த்து மாளிகை வாங்கும் ஒவ்வொரு பணக்காரரும், அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, தன் தோட்டக்காரரின் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் சாவி வாங்குகிறார்.

அந்தத் தீவுகளில் புதிதாகக் கட்ட ஆளும் சாமானும் கிடைப்பது அரிது. அதனால் கடலுக்கு அப்பால் கனடாவின் விக்டோரியாவில் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை அப்படியே பெயர்த்து மிதவையில் ஏற்றிக் கொண்டுவந்து, அறக்கட்டளை நிலத்தில் அஸ்திவாரம் போட்டு இறக்கியிருக்கிறார்கள்.