குணா குகை: ஒரு பள்ளம், இரண்டு படம்

கொடைக்கானலில் தூண் பாறைக்கு அருகிலுள்ள இந்தப் பிளவுகளுக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-இல் கமல்ஹாசன் நடித்து, சந்தானபாரதி இயக்கிய 'குணா' வந்ததும் அந்தப் பெயர் மங்கிப்போனது.

2006-இல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் உள்ளே விழுந்தார். இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி மீட்டார். அவர்கள் பட்ட பாட்டையே சிதம்பரம் 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆக்கினார். படத்தில் வரும் குகை பெரும்பாலும் பெரும்பாவூரில் போட்ட செட்.

'குணா'வில் காதலிக்குக் கடிதமாக வந்த இளையராஜாவின் பாட்டு, இதில் நண்பன் மேலேறி வரும்போது ஒலிக்கிறது. இதை நகல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பாட்டுக்கு அனுமதி பெறவில்லை என்று இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமை வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது தயாரிப்புத் தரப்பு.

அங்கே போனால், குகைக்கு வெளியே பின்னிக் கிடக்கும் வேர்களைப் படமெடுக்கலாம். வேலியைத் தாண்டாதீர்கள்.