ரெட்ரோவைரஸின் டி.என்.ஏ: நேர்கோடும் வட்டமும்

உயிரணுக்களில் மரபுச் செய்தி டி.என்.ஏவிலிருந்து ஆர்.என்.ஏவுக்குச் செல்வதே வழக்கம். அதைத் திருப்பி, ஆர்.என்.ஏவைப் பார்த்து டி.என்.ஏவை எழுதுபவை ரெட்ரோவைரஸ்கள். 1911இல் பெய்டன் ரவுஸ் கோழிக் கட்டியில் கண்ட வைரஸும், எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவ்வாறு எழுதும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை ஹோவர்டு டெமினும் சதோஷி மிசுதானியும் ஒருபுறமும், டேவிட் பால்டிமோர் மறுபுறமும் 1970இல் கண்டறிந்தனர். ஆனால் தொற்றுற்ற உயிரணுவுக்குள் இந்த டி.என்.ஏ ஒரே வடிவில் இருப்பதில்லை. இரு முனைகளுள்ள நேர்கோட்டு வடிவத்தோடு முனையற்ற வட்டங்களும் காணப்பட்டதால், உயிரணுவின் குரோமோசோமில் சென்று ஒட்டுவது இவற்றுள் எது என்ற கேள்வி பத்தாண்டுக்கும் மேலாகத் தீராமலிருந்தது.

முதலில் உருவாவது நேர்கோட்டு வடிவம். வெறுமையிலிருந்து எழுதத் தொடங்க இந்நொதியால் இயலாது என்பதால், முந்தைய உயிரணுவிலிருந்து வைரஸ் எடுத்துவந்த கடத்து ஆர்.என்.ஏ ஒன்று, வைரஸ் ஆர்.என்.ஏவின் தொடக்க முனைக்கு அருகே 18 எழுத்துகளோடு இணைந்து பிடிமானம் தருகிறது. அங்கிருந்து எழுதத் தொடங்கும் நொதி சிறிது தூரத்திலேயே ஆர்.என்.ஏவின் முனையை எட்டி, மேலே செல்ல வழியின்றி நிற்கிறது. இந்த முட்டுச்சந்தைக் கடக்கும் விதம்தான் வியப்புக்குரியது. படியெடுத்து முடித்த ஆர்.என்.ஏவை அதே நொதியின் மற்றொரு பகுதி அரித்துவிட, தனித்து நிற்கும் குட்டி டி.என்.ஏ, ஆர்.என்.ஏவின் இரு முனைகளிலும் ஒரே வரிசை அமைந்திருப்பதைப் பயன்படுத்தி மறுமுனைக்குத் தாவி, அங்கிருந்து எழுத்து தொடர்கிறது. இரண்டாம் இழை எழுதப்படும்போதும் இத்தகைய தாவல் ஒன்று நிகழ்கிறது. இவ்விரு தாவல்களின் விளைவாக, டி.என்.ஏவின் இரு முனைகளிலும் எல்.டி.ஆர் எனப்படும் ஒரே நீண்ட வரிசை அமைகிறது; எச்.ஐ.வியில் இது 600 எழுத்து இணைகளுக்கு மேல் நீளும். ஆகவே இங்கே நகல் மூலத்தைவிட நீளமானது.

வட்டங்கள் உட்கருவுக்குள் தோன்றுபவை. பெரும்பாலும் அவை வைரஸின் வேலையல்ல, உயிரணுவின் வேலை. திறந்து கிடக்கும் டி.என்.ஏ முனைகளை உடைப்பு என்றே கருதும் உயிரணுவின் பழுதுபார்க்கும் புரதங்கள் அவ்விரு முனைகளையும் சேர்த்து ஒட்டினால், இரண்டு எல்.டி.ஆர் அடுத்தடுத்து நிற்கும் வட்டம் கிடைக்கிறது. ஒரே வரிசையுள்ள இரு எல்.டி.ஆர்களும் தம்முள் கலந்து ஒன்று கழிந்தால், ஒற்றை எல்.டி.ஆர் வட்டம் உருவாகிறது.

இவற்றைப் பிரித்துக் காண உதவியது 1967இல் பெர்ன்ஹார்டு ஹிர்ட் வகுத்த முறை. உயிரணுக்களைச் சலவைப்பொருளால் கரைத்து, உப்பு சேர்த்துக் குளிரில் வைத்தால், பெரிய குரோமோசோம் டி.என்.ஏ வீழ்படிவாக அடியில் தங்க, சிறிய வைரஸ் டி.என்.ஏ மேலே தெளிந்த நீரில் நிற்கும். அதை எல்.டி.ஆருக்கு வெளியே ஓரிடத்தில் மட்டும் வெட்டும் நொதியிட்டு அகரோஸ் கூழில் ஓட்டினால், நேர்கோடு இரு துண்டாகும். வட்டங்களோ விரிந்து முழுநீளத் துண்டாகி, ஒரே ஒரு எல்.டி.ஆர் அளவு இடைவெளியில் இரு பட்டைகளாகத் தெரியும்.

பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் வட்டமாகிய பின்னரே குரோமோசோமில் நுழைவதால், ரெட்ரோவைரஸுக்கும் அதுவே வழி என்று பலர் எண்ணியது இயல்பே. ஆனால் ஒப்புமை சான்றாகிவிடாது. 1987இல் பாட்ரிக் பிரவுன், ஹெரால்டு வார்மஸ், மைக்கேல் பிஷப் முதலியோர் தொற்றுற்ற எலி உயிரணுக்களின் சாற்றைக் கொண்டு சோதனைக்குழாயிலேயே இந்த ஒட்டுதலை நிகழ்த்திக்காட்டினர். ஒட்டப்படும் இடமாக அவர்கள் வைத்தது அதே லாம்டாவின் டி.என்.ஏ. இதைத் தொடர்ந்த ஆய்வுகள் நேர்கோட்டு டி.என்.ஏவே நேரடியாக ஒட்டுகிறது என்று நிறுவின. இன்டகிரேஸ் என்னும் வைரஸ் நொதி அதன் இரு முனைகளிலும் ஓர் இழையில் இரண்டு எழுத்துகளை நறுக்கி, அம்முனைகளைக் குரோமோசோமோடு பிணைக்கிறது. வட்டங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தாமாகப் பெருகாத அவை உயிரணு பிளவுபடும்தோறும் எண்ணிக்கையில் நீர்த்துப்போகின்றன.

ஆயினும் ஆய்வாளருக்கு அவை வீண்பொருள் அல்ல. 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரால்டெகிராவிர் போன்ற மருந்து இன்டகிரேஸைத் தடுக்கும்போது, ஒட்ட முடியாத நேர்கோடுகள் வட்டமாகிவிடுவதால் உட்கருவில் இரட்டை எல்.டி.ஆர் வட்டங்கள் மிகுகின்றன. இவற்றைப் பி.சி.ஆர் முறையில் எண்ணுவதும் எளிது; ஏனெனில் இரு எல்.டி.ஆர்கள் முட்டும் அந்தச் சந்திப்பு நேர்கோட்டு டி.என்.ஏவிலும் இல்லை, குரோமோசோமில் ஒட்டிய வைரஸ் மரபிலும் இல்லை.